மரமேறும் இலைகள்

அந்தப் பண்ணையில் உதிர்ந்த இலைகளை இருட்டுவதற்குள் கூட்டிக் குழியில் தள்ளி மூடாவிட்டால், விடிவதற்குள் அவை மறுபடி மரமேறிவிடும். எறும்பு மாதிரி வரிசையாக ஏறி, கிளை தவறாமல் அதனதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இலையுதிர் காலம் வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது. அப்பா விறகு பிளப்பார், அம்மா உருளைக்கிழங்கு தோண்டுவாள், அக்கா தொழுவத்துக்கு வைக்கோல் சுமப்பாள். இலை கூட்டுவது சின்னவள் பொறுப்பு. எதையும் ஆடி அசைந்தே செய்வதால் வீட்டில் அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர்.

அந்த வருடம் அக்காவுக்கு நகரத்து மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. “மரமெல்லாம் மொட்டையானதும் கெளம்பு. அதுவரைக்கும் இங்க கை பத்தாது” என்றார் அப்பா. அக்கா அன்றே பையைக் கட்டி வாசலருகே வைத்தாள். புயல் அந்தப் பையையே சுற்றிச் சுற்றி வந்தாள். அக்கா போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது? அவள் குழியின் மூடியைக் கையகலம் திறந்துவைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

மரங்கள் மொட்டையாகவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பனி கொட்டியது; இந்தப் பக்கம் இலையுதிர் காலம் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. தோண்டிய இடத்திலேயே கிழங்கு மறுபடி விளைந்தது. விறகு கூரையைத் தொட்ட பிறகும் அப்பா பிளந்துகொண்டே இருந்தார். கோழிகள் இறகை உதிர்த்து உதிர்த்து, மானம் காக்க ஒன்றும் மிஞ்சாமல் அடுப்படிக்கே குடிவந்துவிட்டன. அதில் ஒன்று அக்காவின் பைக்குள் முட்டையிட்டது. தபால்காரர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, “ஒங்க வீட்டுக்கு வந்தா மட்டும் ஸ்வெட்டரக் கழட்ட வேண்டியிருக்கு” என்று அலுத்துக்கொண்டார். பனி உருகுவதற்குள் வராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று மருத்துவமனையில் சொல்லியனுப்பியதையும் அவர்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் பால் கறக்கப் போன புயல் தொழுவத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அக்கா, வேலைக்கென்று வாங்கிய வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வைக்கோல்மேல் நடை பழகிக்கொண்டிருந்தாள். கிழப்பசுவின் நெற்றியில் கைவைத்து, “நேத்துக்கு இன்னிக்குப் பரவாயில்லையே, காய்ச்சல் எறங்கியிருக்கு” என்றாள். பசு தலையாட்டியது. புயலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள்தான் அவள் பெயருக்கேற்ற மாதிரி வேலை செய்தாள். மூலைமுடுக்கு விடாமல் கூட்டி, குழியை இறுக மூடி, மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அடியில் இலைகள் முண்டிப் பார்த்துவிட்டு அடங்கின. ஒரே ஓர் இலையை மட்டும் குழியில் போடாமல் அக்காவின் பைக்குள், துணிக்கு அடியில் வைத்தாள். பனி வந்தது. அக்கா பஸ் ஏறும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “முட்டைய எடுத்துட்டியாடி?” என்று கேட்டாள்.

அதன் பிறகு வருடாவருடம், பண்ணையில் வேலை சூடுபிடிக்கும் சமயத்தில், ஒரு பழுப்பு இலை சாலையோரமாக நடந்து வந்து தன் மரத்தில் ஏறுகிறது. மறுநாள் அக்கா வருகிறாள். பஸ் ஊரெல்லாம் சுற்றி வரும், இலைக்குக் குறுக்குவழி தெரியும். லீவு முடிந்து அவள் கிளம்பும் அன்று அதே இலை உதிரும். புயல் குனிந்து எடுத்துப் பைக்குள் வைப்பாள். இருவருக்கும் இப்போது நரை தட்டிவிட்டது. இலை மரமேறுவதைக் கண்டால் புயல் பானையில் இன்னும் இரண்டு கிழங்கு சேர்த்துப் போடுகிறாள்.