நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ரேஸ் காரும்

புக்கிட் தெங்காவில் எங்கள் தொழிற்சாலை செய்வது பிரேக் பேட். பசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வரும் கார்களுக்கு அது தாராளம். பதினேழு வருடமாக நான்தான் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

முதலாளி முத்துவீரப்பனுக்கு ஆசியாவின் முதல்தரக் கார்ப் பந்தயத்தில் இறங்கும் கிறுக்குப் பிடித்தது. ஒரு ரேஸ் காரை வாங்கி, தன் பெயரைத் தன்னைவிடப் பெரிதாக அதில் எழுதினார். அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். எங்கள் பேட்தான் அதில் ஓட வேண்டும் என்றார்.

ரேஸ் வேகத்தின் சூட்டில் வைத்துப் பார்த்தேன். பேட் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ‘தேறவில்லை’ என்று எழுதி நீட்டினேன்.

“என்னா ஜெயலெட்சுமி, இவ்ளோ நெகட்டிவா? தண்ணீர்மலைக் கோயில்ல பூச போட்டாச்சு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தியாச்சு. முருகன் பாத்துக்குவாரு லா.”

“முருகன் பிரேக் மிதிக்க மாட்டாரு பாஸ். ஷர்வின்தான் மிதிக்கணும்.”

ஷர்வின் எங்கள் ரேஸ் ஓட்டுநர், சுங்கை பாக்காப் ஊர்ப் பையன். வீட்டில் இரண்டு வயது மகள். நான் கையெழுத்துப் போடவில்லை. முதலாளியே போட்டுக்கொண்டார், வெட்கங்கெட்ட மனுஷன்.

செப்பாங் பந்தயத் தடத்தில் முதல் நாள். பேட் சோதிப்பவள் என்று என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். விளம்பரப் படத்துக்காக ஷர்வின் ஓட்ட, முதலாளி பக்கத்து இருக்கையில் ஒரு சுற்று வருவதாக ஏற்பாடு. ஷர்வின் உடை மாற்றப் போன நேரத்தில் முதலாளி மெக்கானிக் சுகுமாரனின் காதில் ஏதோ சொன்னார். சுகுமாரன் எங்கள் பேட்டைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து ரேஸுக்கென்றே செய்த இத்தாலி பேட்டை எடுத்து மாட்டினான்.

சுற்று முடிந்து முதலாளி கையசைத்துக்கொண்டே இறங்கினார், உலகத்தையே வலம் வந்தவர் போல. அடுத்தது பயிற்சி ஓட்டம். சுகுமாரன் மறுபடி எங்கள் பேட்டை மாட்ட உட்கார்ந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷர்வினிடம் போய்ச் சோதனைத் தாளைக் காட்டினேன். “தம்பி, பாஸ் வந்தது இத்தாலி பேட்டுல. இப்ப ஒனக்கு மாட்டுறது இது.”

தாளை இரண்டு முறை படித்தான். நேராக முதலாளியிடம் போனான்.

“ஒங்களுக்கு இத்தாலி, எனக்கு எலுமிச்சம்பழமா பாஸ்?”

“அது சும்மா ஃபோட்டோக்கு லா தம்பி…”

ஷர்வின் ஹெல்மெட்டை அவர் கையில் வைத்தான். “அப்ப காரையும் நீங்களே ஓட்டுங்க.”

கார் இப்போது ஆபீஸ் முகப்பில் நிற்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் பூமாலையோடு. மழையால் பந்தயத்திலிருந்து விலகிவிட்டோம் என்று வருகிறவர்களிடம் கூசாமல் சொல்கிறார்.

போன வாரம் ஷர்வின் மகளுக்கு மூன்று வயது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கேக் வெட்டினாள். முதல் துண்டை ஷர்வின் எனக்கு ஊட்டினான்.