கல்யாணப் பேண்ட்

கணவனின் கல்யாணப் பேண்ட்டை மடியில் போட்டு இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்துவிடுவார்கள். இதைத்தான் உடுத்தி அனுப்ப வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். பிரித்துப் பார்த்தால், இனி விடுவதற்கு உள்ளே துணியே இல்லை.

இருபத்து நான்கு வயதில் இதைப் போட்டபோது அவனுக்கு இடுப்பு முப்பது. பஸ் ஓட்டப் போனான். உட்கார்ந்த வேலை, நேரங்கெட்ட சாப்பாடு. இரண்டே வருடத்தில் தொப்பை எட்டிப் பார்த்தது. பேண்ட் சேராமல் மனுஷன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், அவன் வேலைக்குப் போனதும் அரை அங்குலம் பிரித்து விட்டாள். அப்புறம் இன்னொரு அரை. உள்துணி தீர்ந்ததும், மிச்சம் வைத்திருந்த அதே துணியில் பின்னால் பட்டி சேர்த்தாள். பன்னிரண்டு வருடமாக அவனுக்கு இது தெரியாது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று அலட்டுவான்.

"பாத்தியா டெய்லரம்மா? மாப்பிள்ளை அப்படியே இருக்கேன்!"

அந்த அலட்டல் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம் டிப்போவில் பிரஷர் பார்த்தார்கள். அதிகமாக இருக்கிறது, எடையைக் குறைத்து மாத்திரை போடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"அவங்க மிஷின்ல கோளாறு. வெயிட்டு ஏறியிருந்தா கல்யாணப் பேண்ட் எப்படிச் சேரும்?" என்று சீட்டை மடித்து அலமாரியில் போட்டான்.

அவளுக்கு உண்மை வாய் வரை வந்தது. மறுநாள் கல்யாண நாள். சொல்லவில்லை.

நேற்று காலை பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

கத்தரியை எடுத்துப் பேண்ட்டின் பின்பக்கத்தை இடுப்பிலிருந்து கீழே வெட்டினாள். படுத்திருப்பவனுக்கு முன்பக்கம் சேர்ந்தால் போதும்.

"இதுவும் உனக்குத் தெரிய வேணாம்" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

வாசற்படியில் கொழுந்தன் தயங்கி நின்றான். இருபத்து நான்கு வயது. ஆபீஸ் வேலைக்குப் போன ஒரே வருடத்தில் கன்னம் உப்பியிருந்தது.

"அண்ணி, லூசாக்கக் குடுத்தேனே, அந்தப் பேண்ட் ஆயிடுச்சா? போட்டுக்க வேற இல்ல."

தைத்து முடித்து ஆணியில் மாட்டித்தான் இருந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"அலமாரியில அண்ணன் பேண்ட் இருக்கு. அதைப் போட்டுக்க."

"அண்ணனோடதா? தொளதொளன்னு இருக்குமே அண்ணி."

"போட்டுப் பாருப்பா."

அவன் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் ஆணியிலிருந்து அவன் பேண்ட்டை எடுத்தாள். தளர்த்திவிட்ட தையலைப் பிரித்தாள். பழைய அளவிலேயே மடித்து மிஷினில் வைத்து ஓட்ட ஆரம்பித்தாள்.

"நாளன்னைக்குப் பிரஷர் பாக்கப் போவோம் தம்பி. நானும் வரேன்."

நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பில் கச்சிதமாகப் பிடித்த அண்ணன் பேண்ட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். பெல்ட் கையிலேயே இருந்தது.