முதல் சனிக்கிழமை செக்கப்

"இந்த மாசம் வேணாங்க," என்றாள் ஐடா.

அலமாரிக்கு மேலிருந்த நீலப் பையை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறியிருந்த ஏனோக், பையைத் தொட்ட கையோடு திரும்பிப் பார்த்தார்.

"இன்னா வேணாம்?"

"பார்க்கு."

"முட்டி வலிக்குதா உனக்கு?"

"முட்டி நல்லாத்தான் இருக்குது. மனசுதான் நல்லால்ல. கொஞ்ச நாளு போவாம இருக்கலாம்."

ஏனோக் இறங்கி அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். இனிமேல் சர்ச்சுக்குப் போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவர் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி இது. தலை நரைத்த இந்த இரண்டு பேரும் மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரைத் தாண்டியிருக்கும் ஒரு பெரிய வாட்டர் பார்க்குக்குப் போய், நாள் முழுக்க ஆடிவிட்டு வருகிறார்கள். எட்டு வருஷமாக. முதல் தடவை பெங்களூரில் இருக்கும் மகன் ரோனிதான் கூட்டிப்போனான். "நெழல்ல உக்காந்து வேடிக்க பாருங்க," என்றான். ஐடா உட்காரவில்லை. நைலான் உடுப்பை மாட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் குழாயில் சறுக்கி, தண்ணீரில் விழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து, "இன்னொரு தபா," என்றாள்.

ஏனோக்குக்கு அந்த உயரமான கோபுரம்தான் உயிர். மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பொத்தென்று விடுவார்கள். "மைன்ஸ்ல நம்மள கேஜ்னு ஒரு கூண்டுல வெச்சுப் பூமிக்குள்ள எறக்குவான். வயிறு வாய்க்கு வரும். கத்தக்கூடாது, கத்துனா நீயெல்லாம் ஆம்பளயான்னு கேப்பானுங்க. இங்க கத்தறதுக்குன்னே டிக்கெட்டு," என்பார். கேட்டில் நிற்கும் பையன்கள் அவரைப் பார்த்ததும், "அங்கிள் வந்துட்டாரு, காத மூடுங்கோ," என்பார்கள்.

இந்த வயதில் நைலான் உடுப்பா என்று லைனே சிரிக்கும். அதனால் ரோனி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டு மரியா "சேசுவே" என்பாள். ஒளித்து வைப்பது லேசில்லை.

"இப்ப இன்னா ஆச்சுன்னு நிறுத்தணும்ன்ற?" என்றார் ஏனோக்.

"காலைல தண்ணி புடிக்கப் போன எடத்துல மரியா கொடத்தோட சாஞ்சுட்டா. சக்கர எறங்கிட்டுது. வாயில வெல்லத்தப் போட்டு உக்கார வெச்சோம். இன்னைக்கு வெள்ளிக்கிழம."

ஏனோக் நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம அவ ஏன் பட்டினி கெடக்கறான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"எனக்காக," என்றார் ஏனோக், தரையைப் பார்த்துக்கொண்டு.

மரியாவின் புருஷன் லாசரும் ஏனோக்கும் சுரங்கத்தில் ஒரே ஆழத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்று பாறை உடைத்தவர்கள். கல்தூசி லாசரின் நெஞ்சில் தங்கிவிட்டது. ஏனோக்கைத் தொடவில்லை. ஏன் என்று டாக்டர்களுக்கே தெரியாது. மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் கழித்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மூச்சுக்குத் திணறித் திணறி லாசர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதல் சனிக்கிழமை வந்துவிட்டது. டிக்கெட்டு முன்னாலேயே எடுத்தது, திருப்பித் தர மாட்டார்கள். இருட்டு விலகுவதற்கு முன்னால் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பூனைபோல வெளியே வந்தால், மரியா தன் வாசலில் நின்றிருந்தாள். தூங்காத கண்.

"எங்கக்கா, இந்நேரத்துல?"

ரோனி வீட்டுக்கு என்று சொல்ல முடியாது. சாவுக்கு வந்திருந்த ரோனி உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீரில் விளையாடப் போகிறோம் என்று, தாலியறுத்து ஒரு வாரம் ஆகாதவளிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணனுக்குச் செக்கப்பு. பெங்களூர்ல," என்றது ஐடாவின் வாய்.

"லங்ஸா?"

மைன்ஸ் ஆள் ஒருவன் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்த ஊரில் வேறு எதைக் கேட்பார்கள்? ஐடா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏனோக் இருமினார்.

அவ்வளவுதான். அந்த வாரமே மரியா வெள்ளிக்கிழமை உபவாசம் தொடங்கினாள். அது போதாதென்று மீனையும் விட்டாள். மீன் இல்லாத சோறு அவளுக்குச் சோறே இல்லை. லாசர் சம்பளம் வாங்கின நாளெல்லாம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவார். அதை விட்டாள். "அண்ணன் நல்லா ஆவட்டும். அப்புறம் சாப்புடறேன்," என்றாள். அதற்கப்புறம் பொய்யை எடுக்க முடியவில்லை, அது வேர் விட்டுவிட்டது. ஈரத் தலையோடு திரும்பி வந்தால், "ஆஸ்பத்திரில தலைய ஏன்க்கா நனைக்கறாங்க?" என்று கேட்பாள். "ஸ்கேனுக்கு எதோ தடவறாங்கடி, கழுவிட்டோம்," என்பாள் ஐடா. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய ஏனோக் ராத்திரி நிஜமாகவே இருமுவார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபமாலை உருளும்.

"நீதான சொன்ன செக்கப்புன்னு. நான் வாயத் தொறந்தனா?" என்றார் ஏனோக் இப்போது.

"தொறக்கல. இருமுனீங்க."

"தொண்ட கரகரன்னு இருந்துது."

"நாலு தபா கரகரன்னு இருந்துதா?"

ஏனோக் பையைப் பார்த்தார். "சரி, இப்ப இன்னாத்தச் சொல்ற? நிறுத்திட்டா அவ சாப்புட்டுடுவாளா?"

"சாப்புடுவா. டாக்டர் இனிமே வர வேணாம்னுட்டாரு, எல்லாம் க்ளியர்னு சொல்லிடறேன். நாமளும் போறதில்ல. அதோட முடிஞ்சுது."

"ஒரு பொய்க்கு இன்னொரு பொய்ய மூடி போடற."

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

"ஒரேயடியா நிறுத்தணுமா, இல்ல கொஞ்ச நாளா?" என்று மட்டும் கேட்டார், மிட்டாய் பிடுங்கப்பட்ட பிள்ளை மாதிரி. ஐடாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்விதான் தன் மனசிலும் இருந்தது என்பதால் கூடுதலாக வந்தது.

அடுத்த நாள் காலையில் ஐடா பக்கத்து வீட்டுக்குப் போனாள். மரியா அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள்.

"இன்னைக்கு செக்கப்பு இல்லயாக்கா? மொத சனிக்கெழமயாச்சே."

"இனிமே வர வேணாம்னுட்டாங்க மரியா. எல்லாம் சுத்தமா ஆயிட்டுதாம்."

கரண்டியைக் கீழே வைத்தாள் மரியா. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நன்றாக அழுது முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"அக்கா, உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. அவருக்காக எவ்ளோ கேட்டேன் தெரியுமா. முட்டி தேஞ்சுது. குடுக்கல. அப்புறம் கோயிலுக்குப் போவேன், உக்காருவேன், வாய் மட்டும் அசையும். இவரு கேக்கறாரா இல்லயான்னே சந்தேகம். அண்ணனுக்காகக் கேட்டதுதான் கடேசின்னு வெச்சிருந்தேன். குடுத்துட்டாருக்கா. கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு."

ஐடா அடுப்பில் பொங்கிய கஞ்சியை இறக்கி வைத்தாள்.

"உன் கையால ஒரு மீன் கொழம்பு வெய்க்கா. நாளைக்குப் பூச முடிச்சுட்டு நேரா உன் வீட்டுக்கு வர்றேன். அண்ணன் பக்கத்துல உக்காந்து சாப்புடணும்."

அந்த ராத்திரி ஐடா புளி கரைக்கும்போது கரைத்துக்கொண்டே இருந்தாள். சொல்லாமல் விட்டால் மரியா சாப்பிடுவாள், சிரிப்பாள், கோயிலில் மனசார உட்காருவாள். சொன்னால், அவளுக்குத் திரும்பக் கிடைத்த சாமியை இவள் கையாலேயே பிடுங்கினதாகும். எது பெரிய பாவம்? பாஸ்டரைக் கேட்கலாம் என்றால் முதலில் வாட்டர் பார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"சொல்லாத," என்றார் ஏனோக் பாயில் புரண்டுகொண்டே. "அவ சந்தோஷமா இருக்கா. கெடுக்காத."

"அவளுக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகவா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மரியா புதுப்புடவையில் வந்தாள். லாசர் போனபிறகு அவள் புதுசு கட்டி ஐடா பார்த்ததில்லை. மூன்று தட்டும் போட்டாகிவிட்டது. தன் தட்டிலிருந்த நடுத்துண்டை எடுத்து ஏனோக் தட்டில் வைத்தாள் மரியா.

"எனக்கு எதுக்கு, நீ சாப்பிடும்மா," என்றார் ஏனோக்.

"நீங்கதாண்ணா சாப்புடணும். அந்த டாக்டர் பேரு இன்னா? அவருக்கும் ஒரு பூச வெக்கச் சொல்லிட்டு வந்தேன். சாமியாரு பேரு கேட்டாரு."

ஏனோக் ஐடாவைப் பார்த்தார். மரியா சோற்றைப் பிசைய விரலை நீட்டினாள்.

ஐடா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "சாப்புடாத மரியா."

"ஏன்க்கா, முள்ளா?"

"டாக்டரே இல்ல. ஆஸ்பத்திரியே இல்ல. இவருக்கு ஒண்ணுமே இல்ல. என்னைக்குமே இல்ல."

மரியா புரியாமல் சிரித்தாள். "அப்ப மாசாமாசம் எங்க போனீங்க?"

"ஒரு பார்க்கு இருக்குது. தண்ணிப் பார்க்கு. வெளயாடப் போனோம்."

"வெளயாட?"

"சறுக்குவோம். தண்ணில உழுவோம். இவரு ஒரு கோபுரத்துல ஏறி மேலருந்து உழுவாரு."

"மேலருந்தா? பயமா இல்லயாண்ணா?"

"இல்லம்மா," என்றார் ஏனோக். "நல்லா இருக்கும்."

மரியா தட்டைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அன்னைக்கு நான் வாசல்ல நின்னேன். அவரப் பொதச்சு ஒரு வாரங்கூட ஆவல. எங்கக்கான்னு கேட்டேன்."

"கேட்ட."

"லங்ஸான்னு கேட்டேன்."

"ஆமா மரியா."

"அந்த நோவ எடுத்து உனக்குப் போத்திக்கிட்டியாக்கா? எம்புருசன் செத்த நோவ?"

ஐடா அவள் மணிக்கட்டை விட்டாள். வெட்கத்தால் சொன்னேன், உன்னைப் பார்த்து வாய் தவறிவிட்டது என்று எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இதற்குப் பதில் இல்லை.

மரியா எழுந்தாள். தொடாத கையைக் கழுவினாள். ஏனோக் பக்கம் திரும்பி, "நீங்க நல்லா இருக்கணும்னு கேட்டேன். நல்லாத்தான் கீறீங்க. அது வரைக்கும் சரி," என்றாள். ஐடாவைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் குழாயடியில் அவள் வருகிற நேரம் மாறிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், கதவு சாத்தும், பேச்சு வராது. ஐடா தும்மினால் தும்மல் அப்படியே நிற்கும். மரியா சாப்பிடுகிறாளா, வெள்ளிக்கிழமை பட்டினியை விட்டாளா, கோயிலுக்காவது போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கேட்கிற உரிமையும் இல்லை. ரோனி போன் செய்து, "டிக்கெட் போடட்டுமாம்மா?" என்றபோது, "வேணாண்டா, நாங்க நிறுத்திட்டோம்," என்றாள். "நல்லதும்மா, ஒரே எடத்துக்குப் போய்ப் போய் அலுத்திருக்கும்," என்றான் அவன். அலுக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை காலை ஐடா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மரியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஐடா பார்த்தும் பார்க்காததுபோல நின்றாள்.

"இந்த மாசம் போவலயா?" என்றாள் மரியா, தலையைத் தூக்காமல்.

ஒரு மாதத்தில் வந்த முதல் பேச்சு. ஐடா துணியோடு வேலிப் பக்கம் வந்தாள். "இல்ல மரியா. நிறுத்திட்டோம்."

"ஏன்?"

"உனக்காகத்தான். நீ எவ்ளோ விட்ட. நாங்க இத்தயாவது விடறோம்."

மரியா செதில் ஒட்டிய கையை நிறுத்தினாள். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்காக நீ ஒண்ணும் விட வேணாம். ஒருத்தருக்காக ஒருத்தர் விட்டா இன்னா ஆவுதுன்னு நான் பாத்துட்டேன். நீ எனக்காக விட்டுட்டு, மாசாமாசம் அத நெனச்சுக்கிட்டு இந்த வேலிக்கிட்ட வந்து நிப்ப. நான் உன்னப் பாத்துப் பாவப்படணும். அது வேணாங்க்கா எனக்கு."

"அப்ப போவட்டுமா?"

"அத ஏன் என்னக் கேக்கற? அன்னைக்கு என்னக் கேட்டா போன?"

சட்டியைத் தூக்கிக்கொண்டு மரியா உள்ளே போனாள். ஐடா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். அது ஏற்கெனவே பிழிந்த துணி.

உள்ளே ஏனோக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். இருந்தாலும் கேட்டார்.

"இன்னா சொன்னா?"

"மீனு கழுவறா."

"சாப்புடறாளா அப்ப?"

"சாப்புடறா. என் கையால இல்ல."

ஏனோக் விடவில்லை. "நம்மளப் போவச் சொன்னாளா, வேணான்னாளா?"

"ரெண்டும் சொல்லல," என்றாள் ஐடா. "போறதா வேணாமான்றத நம்மளயே வெச்சுக்கச் சொல்லிட்டுப் போயிட்டா."