ஒரே மருந்து, மூன்று லேபிள்

காலையில் முதல் ஆள் உள்ளே நுழையும் முன்பே முனியராஜ் மருந்து அறை வாசலில் வந்து நின்றுவிடுவான். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் அவன்தான் போர்மேன். அந்த ஊர்ப் பக்கம் மருந்து என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது வெடிக்குள் போகிற மருந்துதான். வயிற்றுக்குள் போகிறது அப்புறம்தான். மருந்து அள்ளுகிற கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் கும்பலாகத் தெரிந்தாலும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டவன் முத்துக்கருப்பன். எல்லோர் முன்னாலும் அவன் கையை அப்படியே பிடித்துக்கொண்டான் முனியராஜ்.

“ஏலே, மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாதுலே. அளவு மீறுனா ஆளைத் தூக்கிரும்.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. முனியராஜ் இருக்கிற ஆலையில் தைரியமாக வேலைக்கு அனுப்பலாம் என்று பெற்றவர்களே சொல்வார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆலையில் இத்தனை கறாராக இருந்த மனுஷன் வீட்டில் எப்படி இருந்தான் என்பதுதான் சங்கதி.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கே போக வேண்டிய லோடு முடியாமல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி முருகேஸ்வரிக்குக் காய்ச்சல் கண்டது. அவளும் அதே ஆலையில் வெடிச்சரம் பின்னுகிறவள்தான். மேலுக்கு முடியவில்லை, ரெண்டு நாள் படுத்துக்கொள்கிறேன் என்றாள். முனியராஜுக்குப் பகீர் என்றது. அவள் உடம்பை நினைத்து அல்ல. போர்மேன் பொண்டாட்டியே சீசனில் லீவு போட்டால் மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா, முதலாளி கனகசபாபதி முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அவனுக்குக் கவலை. நீ வந்து உட்கார்ந்தால் போதும், மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான், போங்கள்! பெட்டிக்கடையில் காய்ச்சலுக்கு ஒன்று வாங்கினான். பஜாரில் உள்ள மெடிக்கலில் மேல்வலிக்கு ஒன்று வாங்கினான். சளியும் இருக்கிறதே என்று இன்னொரு கடையில் அதற்கும் ஒன்று. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்ட கடைக்காரரிடம், சீசன் நேரத்தில் அதற்கெல்லாம் எங்கே போக என்று சிரித்தான். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

“என்னங்க, இம்புட்டு மாத்திரையையும் ஒண்ணாவா போடணும்?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

“அது காச்சலுக்கு, இது மேல்வலிக்கு, இது சளிக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. முழுங்கு.”

சோறு இறங்காமல் வெறும் கடுங்காப்பியோடு அவள் விழுங்கினாள். மாத்திரை போட்டதும் காய்ச்சல் அடங்கும். அவள் போய்ச் சரம் பின்ன உட்காருவாள். மறுபடி மேல் கொதிக்கும். முன்னால் போட்டது எப்போது என்று அவன் யோசிப்பதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு சுற்று, டீ நேரத்தில் ஒரு சுற்று, மூன்றையும் சேர்த்து நீட்டுவான். இரண்டு மூன்று நாள் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலை, பின்னிக்கொண்டிருந்த சரத்தின் மேலேயே வாந்தி எடுத்து அவள் சாய்ந்துவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே தொடவிடவில்லை. கண் மஞ்சள் பூத்திருந்தது.

கம்பெனி வேனில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுகிற சொர்ணலட்சுமியும் கூடவே வந்தாள். என்ன மாத்திரை கொடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டார் டாக்டர் அனுப்பிரியா. சொர்ணலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான் முனியராஜ்.

“ஒண்ணே ஒண்ணுதான் டாக்டரம்மா. காச்சலுக்கு.”

கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிட்டான். டாக்டர் நம்பவில்லை. ஈரல் கெட்டிருக்கிற மாதிரி தெரிகிறது, எதனால் என்று தெரிந்தால்தான் உடனே மாற்று மருந்து ஏற்ற முடியும், போகிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் உயிருக்கு ஆபத்து என்றார். அப்போதும் இவன் வாய் திறக்கவில்லை. கட்டிலில் கிடந்த முருகேஸ்வரி கண்ணைத் திறந்து அவன் சட்டைப் பையையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. பைக்குள் கையை விட்டு, கத்தரித்த அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டினான். எப்போது எப்போது கொடுத்தான் என்பதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முழு எழுத்து இல்லாத துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்.

“முன்னாடி பேரு மூணு. பின்னாடி பாருங்க, மூணுலயும் பாராசிட்டமால் இருக்கு. அளவோட கொடுத்திருந்தா நல்ல மருந்துதான். நீங்க ஒரே மருந்தை மூணு மடங்கா, நேரம் காலம் இல்லாம, வெறும் வயித்துல கொடுத்திருக்கீங்க.”

முனியராஜுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒரே வெடியை மூன்று வியாபாரிகளுக்கு மூன்று லேபிள் ஒட்டி அனுப்புகிற ஆலையின் போர்மேன் அவன். இந்த லேபிள் வெடிக்குத்தான் சத்தம் அதிகம் என்று வாதாடுகிறவர்களைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது அவனே அந்த ஏமாளியாக நின்றான். சொர்ணலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

அன்று பொழுது சாயும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அப்புறமும் சில நாள் அப்படித்தான் போனது. வார்டுக்கு வெளியே உட்கார்ந்து வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுத மாமியாரின் கண்ணில் படாமல் அவன் தூணோரம் ஒதுங்கி நின்றான். நல்ல காலம், மருந்து கேட்டது. பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்த அன்று அவள் கோபப்படவே இல்லை.

“கம்பெனியில ஒரு கரண்டி கூடுனா கையைப் பிடிக்கிறீக. என் வயித்துல மட்டும் அளக்காமப் போட்டுட்டீகளே.”

அவன் அழுதுவிட்டான். வேறு என்ன செய்வான்?

மறுபடி வேலைக்குப் போன காலை, மருந்து அறை வாசலில் எல்லோரும் வழக்கம்போல நின்றார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முத்துக்கருப்பன் கரண்டியை ஒழுங்காகத் தலைதட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முனியராஜால் முடியவில்லை. ஆனாலும் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“நம்ம கம்பெனியில அளவு மீறி மருந்து போட்ட ஆளு நான்தான். லோடு போகணும்னு எம் பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தேன். கம்பெனி ஆளுக காதுல விழுந்துறக் கூடாதுன்னு டாக்டர்ட்டப் பொய் வேற சொன்னேன்.” எல்லோர் பக்கமும் திரும்பினான். “மாத்திரை போடுறவுக அட்டையைத் திருப்பிப் பின்னாடி பாருங்க. படிக்கத் தெரியலைன்னா கடையில கேளுங்க. ரெண்டு அட்டையிலயும் ஒரே மருந்து இருந்தா ஒண்ணுதான் போடணும். எம்புட்டு, எத்தனை மணிக்கொருக்கன்னு கேட்டுப் போடுங்க. ரெண்டு நாள்ல காச்சல் விடலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. லீவு கேளுங்க, நான் தாரேன். லோடு ஒரு நாள் நின்னா ஒண்ணும் வெடிச்சிராது.”

அவன் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் பாக்கி இருந்தது. அதையும் சொன்னான்.

“மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது. புருசன் பொண்டாட்டியும் தெரியாது.”