கூட்டினால் ஒன்பது

472083165927. இந்தப் பன்னிரண்டு இலக்கத்தையும் கூட்டினால் ஐம்பத்து நான்கு; ஐந்தும் நான்கும் ஒன்பது. வியாழக்கிழமை நான் பார்த்தது அவ்வளவுதான். ஒன்பது வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கணக்கில் பட்டம் வாங்கியவள் செய்கிற வேலையா இது? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தேர்வாய் கண்டிகையில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனி. ஸ்டோரில் நான். எட்டு டன் அச்சுகளைக் கிரேனில் தூக்கப் புதுச் சங்கிலி வந்தால், அதில் குத்தியிருக்கும் எண்ணைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அந்தச் சங்கிலி செய்பவர்கள் கொடுக்கும் எண் எதுவானாலும் ஒன்பதாலும் வகுபடும், பதினொன்றாலும் வகுபடும். இரண்டையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வண்டி நம்பரிலிருந்து கல்யாணத் தேதி வரை ஒன்பது வந்தால் போதும் என்பார்கள். எனக்கும் அதே புத்தி.

திங்கட்கிழமை மதியம் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது ஏற்கவில்லை. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு, மறுபக்கம் முப்பத்திரண்டு. வித்தியாசம் பத்து. பதினொன்றால் வகுபடாது.

சங்கிலியோடு வந்த சான்றிதழை எடுத்தேன். அதில் நடுவே 61. சங்கிலியில் 16. மெஷின் அப்படி மாற்றிக் குத்தாது. கழித்துப்போட்ட பழைய சங்கிலியைத் தேய்த்து, கையால் எண் குத்தி, எவனோ எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். இரண்டு மணி ஷிப்டில் அந்தக் கிரேனடியில் நிற்பது என் புருஷன் ஹேமநாத். மணி இரண்டே கால் ஆகியிருந்தது.

சூப்பர்வைசர் தேசப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கூட்னா ஒம்போது வருதில்ல? அப்பறம் இன்னாம்மா பேஜாரு?"

"இலக்கத்த எப்டி மாத்திப் போட்டாலும் ஒம்போதுதான்ணே வரும். அதுலதான் ஏமாந்துட்டேன். கிரேன நிறுத்துங்க."

"காலைலர்ந்து தூக்கிக்கினுதான கீது. டீய குட்ச்சிட்டு வரேன், இரு."

நல்லா குடி என்று நினைத்துக்கொண்டு ஹேமநாத்துக்குப் போன் போட்டேன். உள்ளே போன் கூடாது. பக்கத்து லாக்கரில் அது அடிப்பது எனக்கே கேட்டது.

ஓடினேன்.

அச்சு ஏற்கெனவே மேலே போயிருந்தது. தொங்கும் பாரத்துக்குக் கீழே நடக்கக் கூடாதென்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. எல்லாரும் நடப்பார்கள். அவரும் நடந்துகொண்டிருந்தார், வேகமாக. இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் தாண்டியிருப்பார்.

"ஹேமநாத்து!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் நின்றார். சரியாக அச்சுக்குக் கீழே நின்று, காதடைப்பை எடுத்துவிட்டு, சிரித்தார்.

"இன்னா நந்தினி, புச்சா பேரெல்லாம் சொல்ற?"

மேலே சங்கிலி டிக்கென்றது.