சுவரையும் கழுவச் சொன்னது யார்?

செல்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. நிறுத்துவதற்கு முதலில் ஆரம்பிக்க வேண்டுமே! வந்து ஆறு நாள் ஆகிறது, நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அத்தனை வைராக்கியம். எங்களுக்குள் எல்லாம் தூதுதான். தூது போகிறவள் அவளுடைய ஆறு வயதுத் தங்கை ஹில்லா.

"அக்காவுக்குப் பால் வேணாமாம்."

"ஏன் வேணாமாம்?"

ஹில்லா மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். மேசையே மூன்றடி அகலம்தான். அக்காவின் காதில் என்னவோ குசுகுசுவென்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள்.

"ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதாம்."

காலையில் கறந்த பால்! பக்கத்துப் பண்ணையிலிருந்து நானே சைக்கிளில் போய் வாங்கி வந்தது. எனக்குக் கோபம் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கும், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு நாளும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இருப்பு இருக்கிறதே, அதை என் பல் டாக்டரைக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு பேரும் என் கணவன் அர்ட்டோவுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள். அம்மாவோடு ஹெல்சின்கியில் இருக்கிறார்கள். நானும் அர்ட்டோவும் போன குளிர்காலத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டோம், ஏரிக்கரையில் இருக்கும் என் வீட்டுக்குப் பிள்ளைகள் வருவது இதுதான் முதல் தடவை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செல்மா அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம், "ஒரு வாரம் இருந்து பாக்கறேன். புடிக்கலன்னா அடுத்த வருஷம் நான் வர மாட்டேன், ஹில்லாவும் வர மாட்டா" என்று. இதை அர்ட்டோ சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான். அன்று ராத்திரி முழுக்க அவன் கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தான், என்னையும் தூங்க விடவில்லை.

சனிக்கிழமை காலை அவர்களுக்கு பஸ். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெண் வாயிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தை வர வேண்டும். வராவிட்டால் அடுத்த கோடையில் அர்ட்டோ அந்தப் பஸ் நிறுத்தத்தில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவான். எனக்கு அது தாங்காது. சரி, நம்மிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தை எடுப்போம், ஏரிக்கரையில் இருக்கும் நீராவிக் குளியல் அறையை, புகைச் சவுனாவை, மூட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமையே அர்ட்டோவிடம் சொன்னேன். "சவுனாவுல உக்கார்ற பலகையையும் தரையையும் கழுவி வை. பசங்களையும் கூட வெச்சுக்கோ, அதுங்களுக்கும் பொழுது போகும்."

அவன் என்ன செய்தான்? வாளியையும் சோப்பையும் பிரஷையும் செல்மாவின் கையில் கொடுத்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான். நான் வீட்டுப் பின்பக்கம் உருளைக்கிழங்குப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விறகோடு சவுனாக் கதவைத் திறந்தால், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சுவரைக் கழுவியிருக்கிறார்கள்!

புகைச் சவுனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. புகை முழுக்க உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துதான் அடுப்பு மேல் அடுக்கியிருக்கும் கல் சூடாகும். அப்படி நாற்பது வருஷமாகப் படிந்து இறுகின கரி அந்தச் சுவரில் இருந்தது. அதை யாரும் தொட மாட்டார்கள். அது பாட்டுக்கு இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது பதினோரு வயதுக் கை எட்டுகிற உயரம் வரைக்கும் பிரஷ் வட்டம் வட்டமாகப் போயிருந்தது. கரி கரைந்து, வழிந்து, தரையில் குழம்பாகக் கிடந்தது. வெளுத்ததா என்றால் அதுவும் இல்லை, சுவர் முன்னைவிட இன்னும் கருப்பாகத்தான் இருந்தது.

"அர்ட்டோ!"

என் சத்தத்தில் ஏரியிலிருந்த வாத்துகள் எழும்பிப் போயின. அர்ட்டோ ஓடி வந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"கத்தாத மெர்வி. தயவுசெஞ்சு இன்னிக்கி ஒரு நாள் கத்தாத."

"நான் எங்க கத்தினேன்?"

"இப்பக் கத்திட்டுதான் இருக்க."

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாசலில் நின்ற ஹில்லாவைக் கூப்பிட்டேன்.

"ஹில்லா, உங்கக்காகிட்டப் போய்க் கேளு. சுவத்துல எதுக்குக் கை வெச்சான்னு கேளு. கோபமாக் கேக்காத, சும்மா கேளு."

ஹில்லா ஓடினாள். மரத்தடி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அக்காவின் காதில் என்னவோ சொன்னாள். திரும்பி வரும்போது வழியில் கொஞ்சம் நின்று யோசித்தாள். பிறகு வந்து சொன்னாள்.

"வேணும்னுதான் செஞ்சாளாம்."

வேண்டுமென்றேவா! பார்ப்பதற்கு எத்தனை சாதுவாக இருக்கிறது அந்தப் பெண்! அர்ட்டோ தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னிக்கி சவுனா வேணாம், விட்டுரு. பேசாம சாசேஜ் சுட்டுத் தின்னுட்டுப் படுக்கலாம்" என்றான்.

"முடியாது. மூட்டறேன்னு சொன்னா மூட்டுவேன். கரி ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு நாள் முழுக்க அடுப்போடுதான் கிடந்தேன். ஒரு சுற்று விறகு எரிந்து அடங்கினதும் அடுத்த சுற்று. கதவு வழியாகவும் மேலே இருக்கும் சின்னத் துவாரம் வழியாகவும் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு நெருப்பு அடங்கியது, மிச்சமிருந்த கங்குகளை வாரி வெளியே போட்டேன். கல் மேல் முதல் தண்ணீரை ஊற்றிக் கெட்ட காற்றைக் கதவு வழியாக விரட்டினேன். இனி ஒன்றரை மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. இந்த விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். அவசரப்பட்டு உள்ளே போய்த் தலைசுற்றி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த கதை எங்கள் ஊரில் நிறைய உண்டு.

ஹில்லா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தாள்.

"ஆச்சா?"

"ஆகல."

"அக்கா கேக்கச் சொன்னா, ஆச்சான்னு."

நான் திரும்பி ஊஞ்சலைப் பார்த்தேன். செல்மா இந்தப் பக்கமே திரும்பவில்லை, கதைப் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

நாலரைக்கு நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். அர்ட்டோவின் முறை எங்களுக்குப் பிறகு. பிள்ளைகள் நீச்சல் உடையில், நான் என் பழைய பருத்திக் கவுனில். உள்ளே ஒரே இருட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதிலிருந்து வரும் வெளிச்சம் முழங்கால் வரைக்கும்தான். நான் மேல் பலகையில் உட்கார்ந்தேன். ஹில்லா சூடு குறைந்த கீழ்ப்படியில் ஒரு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். செல்மா நடுப்பலகையில், என்னைவிட்டு எத்தனை தள்ளி உட்கார முடியுமோ அத்தனை தள்ளி உட்கார்ந்தாள்.

தண்ணீர்க் கரண்டி என் கையில் இருந்தது. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் சூட்டுக் கல் மேல் ஊற்றி ஆவி எழுப்புவதற்கு முன்னால் எல்லாரையும் கேட்க வேண்டும், எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் ஊற்றக் கூடாது.

"ஊத்தட்டுமா?"

"ஊத்து!" என்றாள் ஹில்லா. பிறகு, "அக்காவும் ஊத்தச் சொல்றா" என்றாள்.

"அவ வாயத் திறக்கவே இல்லையே."

"மனசுக்குள்ள சொன்னா."

"அதெல்லாம் இங்க செல்லாது. அவங்கவங்க தோலுக்கு அவங்கவங்கதான் பதில் சொல்லணும். உனக்கு எவ்வளவு சூடு தாங்கும்னு உங்கக்காவுக்குத் தெரியுமா? அவளுக்கு எவ்வளவு தாங்கும்னு உனக்குத் தெரியுமா?"

நான் ஊற்றவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கென்ன, ராத்திரி வரைக்கும் உட்காருவேன். ஹில்லாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கடைசியில், "எனக்கு வேர்க்குது, நான் அப்பாகிட்டப் போறேன்" என்று வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடியே போய்விட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அப்புறம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இருட்டில் அவள் மூச்சு விடுவது கேட்டது. எனக்கு, நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு, என்ன பேசுவதென்றே தெரியவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கதானே சுவரையும் கழுவச் சொன்னீங்க?"

கரண்டி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"யாரு? நானா?"

"பலகையெல்லாம் கழுவிட்டேன், சுவரையும் கழுவணுமான்னு கேட்டுட்டு வான்னு அவள அனுப்பினேன். ஆமா, சுவரையும் கழுவச் சொன்னாங்கன்னு வந்து சொன்னா. மூணு மணி நேரம் தேய்ச்சேன். கருப்பு போகவே இல்ல. என்னைப் புடிக்காமதான் இப்பிடி வேல வாங்கறீங்கன்னு நெனச்சேன்."

"ஐயோ! அவ என்கிட்ட வரவே இல்லையேம்மா! நான் உருளைக்கிழங்குப் பாத்தியில இருந்தேன். நீ வேணும்னே செஞ்சேன்னுல்ல அவ என்கிட்டச் சொன்னா?"

"நான் அப்பிடிச் சொல்லல! சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு நீங்க கேட்டதாத்தான் வந்து சொன்னா."

"அந்தப் பால்? நாத்தம் அடிக்குதுன்னியாமே?"

"எனக்குப் பால் புடிக்கும். நான் பால் குடிச்சா உங்களுக்குக் காபிக்கு இல்லாமப் போயிடும்னு சொன்னீங்களாம்."

"அடி ராஸ்கல்! அப்போ அந்த பான்கேக்க ரெண்டோட நிறுத்தினது?"

"ஆளுக்கு ரெண்டுதான்னு..."

"நான் பத்து சுட்டு வெச்சேன்!"

மிச்சம் யார் வயிற்றுக்குள் போயிற்று என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. செல்மாவுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் பின்னால் சுவரில் சாய்ந்து முதுகெல்லாம் கரியாக்கிக்கொண்டேன். திடீரென்று அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ முதல் நாள் கேட்டது?"

"என்ன கேட்ட?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு. சொன்னாத்தான் தண்ணி ஊத்துவேன்."

அவள் குனிந்து, கீழே விழுந்த கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாங்க இங்க வந்தது உங்களுக்கு இஷ்டம்தானான்னு கேக்கச் சொன்னேன். இல்ல அப்பாவுக்காகத்தான் கூப்பிட்டீங்களான்னு. நீங்க பதிலே சொல்லலன்னு வந்து சொன்னா."

ஆறு நாளாக இந்தக் குழந்தை இதை மனதில் வைத்துக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்து, பால் கூடக் குடிக்காமல் ரொட்டி தின்றிருக்கிறது!

"இஷ்டம்தான் செல்மா. ரொம்ப இஷ்டம். உங்க அப்பா கூப்பிடலாமா வேணாமான்னு தயங்கிட்டே இருந்தான். நான்தான் விடல. உங்களுக்குன்னு புதுசா ரெண்டு கட்டில் வாங்கி, அதப் பொருத்தத் தெரியாம ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். நீ பேசலையேன்னு எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல."

அவள் நடுப்பலகையிலிருந்து ஏறி மேல் பலகைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். கல் உஸ்ஸென்றது. சூடு தலையில் இறங்கி, காது, தோள் என்று வந்தது. இன்னொரு கரண்டி கேட்டாள், ஊற்றினேன். இன்னொன்று கேட்டபோது நான்தான் முதலில் "போதும்டி தாயே" என்றேன். கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் ஏரியைப் பார்த்து ஓடினோம்.

படித்துறையில் நின்ற அர்ட்டோ எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சாசேஜைத் தண்ணீரில் விட்டுவிட்டான். வெளிச்சத்தில்தான் நாங்களும் பார்த்தோம். கழுவின சுவரின் கரி மொத்தமும் எங்கள் மேல்தான் இருந்தது. கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. அவன் பின்னால் ஒளிந்துகொண்ட ஹில்லாவைச் செல்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி இத்தன பொய் சொன்ன? சுவரையும் கழுவச் சொன்னது யாரு?"

"நான் கேக்கத்தான் போனேன். வழியில தவளை இருந்துச்சு."

"சரி, அது தவளை. மத்ததெல்லாம்?" என்றேன் நான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நல்ல சண்டைக்குத் தயாராக நின்றேன்.

ஹில்லாவின் உதடு துடித்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டா அப்புறம் என்கிட்ட யாரு பேசுவா? வீட்ல அக்காவும் அம்மாவுந்தான் பேசிக்குவாங்க. இங்கதான் எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினீங்க."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அர்ட்டோ என்னைப் பார்த்தான், நான் செல்மாவைப் பார்த்தேன். செல்மாதான் முதலில் குனிந்து கரிக்கையோடு தங்கையைக் கட்டிக்கொண்டாள். இப்போது மூன்று பேர் கருப்பு.

ஏரியில் முங்கி எழுந்து, கரி போக முதுகு தேய்த்துக்கொள்ள மறுபடி சவுனாவுக்கு வந்தோம். ஹில்லாவை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் செல்மா. ஹில்லா அழுகையை மறந்து, "இன்னும் அழுத்தித் தேய்ங்க" என்று எங்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். காலை மறுபடியும் வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

செல்மா சோப்புக் கையோடு அந்த வாளியை எட்டிப் பார்த்தாள்.

"மெர்வி, அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் பெரிய வாளியா வாங்கி வைங்க. இதுல இவ காலே நொழையாது."

நான் குனிந்து வாளியைப் பார்த்தேன். ஹில்லாவின் இரண்டு கால்களும் போக, உள்ளே இன்னொரு ஹில்லாவுக்கு இடமிருந்தது.

"ஆமாம்மா, ரொம்பச் சின்ன வாளிதான்" என்றேன்.