அண்ணனின் அடிக்குரல்

அண்ணன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்த வருடம், வில்லால் வாசிக்கும் ஆளுயர டபுள் பாஸ் வாத்தியம் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்கு இடம் விடச் சாப்பாட்டு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். அவன் பயிற்சி செய்தால் ஒரே உறுமல்தான். பஸ் ஓட்டிக் களைத்து வரும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "ஏண்டா, இதுல பாட்டு எப்ப வரும்?"

"பாட்டை மத்தவங்க வாசிப்பாங்கப்பா. நான் கீழே தாங்கிப் பிடிக்கணும்."

"அதுக்கா இவ்வளவு பெரிய பெட்டி!"

அவனுடைய முதல் கச்சேரிக்கு அப்பாவும் நானும் போனோம். சிம்பொனியின் இரண்டாம் பகுதி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வயலின்கள் பாட, அடியில் அண்ணனின் வரிசை முனகியது. திடீரென்று அந்த வரிசை மட்டும் வில்லை இறக்கிவிட்டது. அப்பா என் கையைப் பிடித்தார்.

"என்னம்மா, எல்லாம் அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கு?"

"அண்ணன் நிறுத்திட்டான்ப்பா. அதான்."

கொஞ்ச நேரத்தில் அடிக்குரல் திரும்பியது. நாற்காலிகூட லேசாக அதிர்ந்தது.

"வந்துட்டான்," என்றார் அப்பா.

அந்தப் பகுதி முடிந்ததும், நடுவில் கைதட்டும் வழக்கமில்லை என்று தெரியாமல், அவர் ஒருவர் மட்டும் பலமாகத் தட்டினார். மேடையில் அண்ணன் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பிறகு ஒரு கச்சேரியையும் அவர் விடவில்லை. படுத்த படுக்கையான கடைசி நாட்களில் வானொலியில்தான் கேட்டார்.

"சத்தத்தைக் கூட்டும்மா," என்பார். "அவன் எங்க இருக்கான்னு தேடணும்."

அப்படித் தேடித்தான் நானும் சிம்பொனி கேட்கக் கற்றுக்கொண்டேன்.